ஆடியில் போட்ட ஆவணிச் சீட்டு

ஒரு கம்ப்யூட்டர் பிழைத்துவிடக் கூடாது என்று அம்மன் கோயிலில் கண்ணை மூடி நின்று வேண்டிக்கொண்டவன் நான். ஒரேயடியாகச் சாகட்டும் என்று கேட்கவில்லை. அந்த அளவுக்குக் கொடியவன் இல்லை. என் சகலை சாயங்கால பஸ் ஏறும்வரை செத்தது மாதிரி கிடக்கட்டும், அதற்கப்புறம் என் கையால் எழுந்திருக்கட்டும் என்றுதான் கேட்டேன். இப்படி நிபந்தனைகளோடு கொடுத்த மனுவை அம்மன் எந்தப் பிரிவுக்கு அனுப்பினாளோ தெரியவில்லை.

பொறாமையைப் பற்றித் தடித்தடியான நாவல்களை நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறேன். அவற்றிலெல்லாம் பொறாமை என்றால் அரண்மனை, விஷக் கோப்பை, கைவிட்டுப்போன காதலி என்று ஒரு கௌரவம் இருக்கும். எனக்கு வாய்த்தது, ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கம்ப்யூட்டரும், மனைவியின் தங்கை புருஷனும்.

காஞ்சிபுரத்தில் அந்தச் சங்கத்தில் நான் எழுத்தர். புத்தாயிரம் பிறந்த புதிதில் சங்கம் நாலு கம்ப்யூட்டர் வாங்கியது. வாங்கியவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வகுப்பு சேர்ந்து, என்னைவிடப் பாதி வயதுப் பெண்கள் மத்தியில் உட்கார்ந்து படித்து, சங்கத்துக்கென்று ஒரு சைட்டு எழுதினேன். வெளியுலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கம்ப்யூட்டரை சர்வர் என்று தனி அறையில் உட்காரவைத்து, மற்ற மூன்றையும் கம்பியால் அதனோடு கோத்து, அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் சைட்டு. எந்த உறுப்பினர், எந்தத் தறி, என்ன டிசைன், நெய்த சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாரா, அடுத்த பாவு யாருக்கு, எல்லாம் அதில் இருக்கும். தறியில் ஏற்ற வேண்டிய நீளவாட்டுப் பட்டு நூல்தான் பாவு. ஒரு பொத்தானை அழுத்தினால் எண்ணோடு ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கோடவுனில் கொடுத்தால் பாவு கிடைக்கும்.

சர்வருக்குச் சூடு ஆகாது என்று எங்கேயோ படித்துவிட்டு, அப்போதைய தலைவரிடம் பேசி அந்த அறைக்கு ஏசி வாங்கிவிட்டேன். சங்கத்தில் ஏசி அறைகள் மொத்தம் இரண்டு. ஒன்று தலைவருக்கு, ஒன்று சர்வருக்கு. சர்வருக்குத் துணையாக நான். சித்திரை வெயிலில் மற்ற எழுத்தர்கள் பனியனைக் கையால் இழுத்து இழுத்துக் காற்று விட்டுக்கொண்டிருக்கும்போது நான் சால்வை போர்த்திக்கொண்டு வெளியே வந்து, "என்னப்பா, ரொம்பப் புழுக்கமா?" என்று கேட்டிருக்கிறேன். கையால் சீட்டு எழுதும் பழைய புத்தகங்களையெல்லாம் பேப்பர்காரரிடம் போடவைத்ததும் நான்தான். கம்ப்யூட்டர் சீட்டு இல்லாமல் ஒரு இழைகூட வெளியே போகாது என்று தீர்மானம் போடவைத்ததும் நான்தான்.

வருஷங்கள் ஓடின. சைட்டுக்கு வயதாயிற்று. கூடவே எனக்கும். அப்போதுதான் புதுத் தலைவர் வந்தார்.

தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். அரசியலில் படிப்படியாக ஏறியவர். புதுத் தலைவர் பொறுப்பேற்றால் முதல் பாவுச் சீட்டை அவரே போடுவது சங்கத்தின் வழக்கம். கற்பூரம் காட்டி, அவர் விரலால் பொத்தானை அழுத்தி, வரும் சீட்டை மூத்த உறுப்பினர் ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அவருக்குப் பதவி ஆர்டர் வந்தது ஆடி மாதத்தில்.

"வெத வெதைக்கிறதுன்னா ஆடில தொடங்கலாம். ஆபீஸ் அப்படியாப்பா? மொத சீட்டுல ஆடித் தேதி விழுந்துச்சுன்னா, காலத்துக்கும் அது என் பேர்ல நிக்கும்" என்றார்.

காத்திருக்கவும் முடியாது. ஆவணிக் கல்யாணச் சேலைகளுக்கு ஆடியிலேயே பாவு ஏற்றியாக வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் மூளை வேலை செய்தது. அது அவ்வப்போது செய்துவிடும்.

"நல்ல நாள் எதுன்னு மட்டும் சொல்லுங்க தலைவரே. அந்த நாள்லயே போட்டுடலாம். இன்னிக்கே."

அவருக்குப் புரியவில்லை. நான் சர்வரின் தேதியை ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தள்ளிவைத்தேன். அவர் பொத்தானை அழுத்தினார். ஆவணித் தேதி போட்ட சீட்டு வெளியே வந்தது. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கெட்டிக்காரன்யா நீ" என்று என் முதுகில் தட்டினார். நான் தேதியைப் பழையபடி மாற்றிவிட்டேன். அதற்குப் பின்னால் இன்னொருவருக்கும் சீட்டு போட்டோம், வந்தது. பிறகு இனிப்பு கொடுத்ததில் அன்றைய வேலை முடிந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஒரு சீட்டும் வரவில்லை.

பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரே வாசகம்: "மன்னிக்கவும். நிர்வாகியை அணுகவும்." அதை எழுதியவன் நான். பிழை எதுவாக இருந்தாலும் ஆங்கிலத்தில் ஏதாவது வந்து மற்றவர்கள் பயப்படக் கூடாது என்று, எல்லாப் பிழைகளின் முகத்திலும் இந்த ஒரே முகமூடியை மாட்டிவைத்திருந்தேன். நிர்வாகியும் நானேதான். ஆகவே நான் என்னை அணுகினேன். பயன் இல்லை.

சர்வரை அணைத்துப் போட்டேன். கம்பிகளைக் கழற்றி மாட்டினேன். வைரஸ் தேடினேன். டேட்டாபேஸைச் சுருக்கிச் சரிசெய்யும் வசதி ஒன்று உண்டு, அதை ஓட்டினேன்; அது சுருங்கியது, சரியாகவில்லை. ஏசியின் குளிரைக் கூட்டினேன். ஆவணிச் சீட்டின் ஞாபகமே வரவில்லை. தலைவரிடம் முதுகில் தட்டு வாங்கிய காரியத்தைச் சந்தேகிக்க எனக்கு மனம் வருமா?

ஜன்னலுக்கு வெளியே நெசவாளர்கள் வந்து நின்றார்கள். வெறுந்தறி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியாமல் தினமும் வந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா இருந்தார், நாக்கில் ஜரிகை வைத்தவர். "இன்னா சார், கம்ப்யூட்டருக்கும் ஆடி மாசமா? அம்மா வூட்டுக்குப் போயிடுச்சா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன். ஏசி வெளியே போகும் என்றேன்.

வாரக் கடைசியில் தலைவர் கூப்பிட்டார். முதுகில் தட்டிய கை இப்போது மேஜையில் தட்டியது. "திங்கக்கெழம பாவு போயாவணும். இல்லன்னா மெட்ராஸ்ல ஒரு கம்பெனிகிட்ட புது சாப்ட்வேர் சொல்லிட்டேன். அவங்களே ஆளு போட்டு நடத்துவாங்க. நீ பழையபடி வெளிய மேஜையில உக்காந்துக்கோ."

வெளியே மேஜை என்றால் ஃபேன். அந்த ஃபேனும் பக்கத்து மேஜைக்காரர் பக்கம்தான் திரும்பும்.

ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கத்தில் மாமனார் வீட்டில் கூழ் ஊற்றினார்கள். சகலை வந்திருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் கடற்கரையை ஒட்டிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் டேட்டாபேஸ் வேலை. ஒருமுறை அமெரிக்கா போய்வந்தார். அங்கிருந்து கொண்டுவந்த சாக்லெட் டப்பாவில் என் மாமியார் இன்னும் கடுகு போட்டுவைத்திருக்கிறார். மாமனார் என்னிடம் பஸ் நேரம் கேட்பார். சகலையிடம் உலகப் பொருளாதாரம் கேட்பார். உலகப் பொருளாதாரம் பற்றி நான் படித்த புத்தகங்களை அடுக்கினால் மாமனார் அவற்றின்மேல் ஏறிப் பரணில் கைவிடலாம். போகட்டும். கருவாட்டுக் குழம்பில் நல்ல துண்டு யாருக்கு விழும் என்று நான் கவனிப்பதில்லை என்றுதான் வெளியே சொல்லிக்கொள்கிறேன். மனிதரிடம் குறை கண்டுபிடிக்கவும் வழியில்லை. குடிக்க மாட்டார், பீற்றிக்கொள்ள மாட்டார், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். அவரிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

கோயிலில் நான் அந்த மனுவைக் கொடுத்துவிட்டு வந்து கூழ்ச் சொம்பைக் கையில் எடுத்தேன். எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது என் மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஆபீஸ் கம்ப்யூட்டரு எழுந்துக்க மாட்டேங்குதுன்னு தூங்காம பொரண்டுகினு இருக்கீங்களே. இவர்கிட்ட காட்டுனா இன்னா?"

"அது பழைய சிஸ்டம். இவருக்கெல்லாம் அது பிடிபடாது" என்றேன்.

"பிடிபடாதா?" என்றார் மாமனார். "அமெரிக்காக்காரனுதே பிடிபட்டுச்சு. உங்க கூட்டுறவு சங்கத்துது பிடிபடாதா?"

"போலாம்ணா, பத்து நிமிஷம் பாத்துட்டு வரலாம்" என்று சகலை எழுந்து கை கழுவப் போனார்.

பத்து நிமிஷமாம். என் ஒரு வாரத்தை அவர் கூழ் குடித்த கையோடு பத்து நிமிஷமாக்கிவிட்டார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். விழாமல் இருக்கத்தான் பிடித்திருப்பார். எனக்குத் துக்கம் விசாரிப்பது மாதிரி இருந்தது.

வாட்ச்மேன் திறந்துவிட்டார். ஏசி அறையில் என் நாற்காலியில் சகலையை உட்காரவைத்துவிட்டு நான் நின்றேன். முதல் கேள்வி: "பேக்கப் இருக்குதாணா?"

"இருக்குது" என்றேன். இருந்தது, முந்தைய தலைவர் காலத்தது. அவர் எதையும் தொடுவதற்கு முன் டேட்டாபேஸை அப்படியே ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டார். ஒரு வாரமாக அதைக் குடைந்த எனக்கு இது தோன்றவில்லை. பிறகு நான் எழுதிய நிரலைத் திறந்தார். நம் டைரியைப் பிறர் நம் முன்னாலேயே படிக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"இது இன்னாணா, 'பாவு புதுசு கடைசி'ன்னு பேர் வச்சிருக்கீங்க?"

"அதுக்கப்புறம் இன்னொண்ணும் இருக்குது சகல. 'பாவு நெஜமா கடைசி'ன்னு."

"அதுதான் ஓடுதா?"

"இல்ல. மொத சொன்னதுதான்."

தலையாட்டினார். நான் மாட்டிவைத்த "மன்னிக்கவும்" முகமூடியைக் கழற்றினார். பின்னால் இருந்த உண்மையான பிழை திரைக்கு வந்தது: இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு சீட்டு இருக்கிறது. அவ்வளவுதான். ஒரு வாரமாக அது கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் வாயைப் பொத்தி வைத்திருந்தேன். சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி மேலே பார்த்தார்.

"அண்ணா, இன்னும் வராத தேதியில ஒரு சீட்டு இருக்குதே. அடுத்த மாசம்."

"கடிகாரம் கொஞ்சம் முன்னால ஓடியிருக்கும்."

"ஒரு மாசமா?"

"பழைய மிஷின் சகல."

அவர் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அவரை வெறுக்க எனக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். சிரிக்காமல், நோயாளியின் சொந்தக்காரருக்கு டாக்டர் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னார். தேதிப்படி கடைசிச் சீட்டு எதுவோ அதன் எண்ணோடு ஒன்றைக் கூட்டி அடுத்தவருக்குக் கொடு என்பது என் நிரல். தலைவரின் ஆவணிச் சீட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு எப்போதும் நானே கடைசி என்றது. அதற்கடுத்த எண் அன்றைக்கே ஒருவருக்குப் போய்விட்டது. பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் என் நிரல் அதே எண்ணை நீட்ட, டேட்டாபேஸ் மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"அந்தத் தேதியத் திருத்திட்டா போதும்ணா" என்றார்.

எனக்குள் ஒரு நப்பாசை எழுந்தது. தேதியைத் திருத்துவதா? அது யாருடைய சீட்டு என்று இவருக்குத் தெரியாதே! "தலைவர ஒரு வார்த்த கேட்டுடலாம்" என்று நானே போன் போட்டேன். அவ்வளவு அடக்கமான குரலில் நான் அதுவரை பேசியதில்லை.

தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். நான் சாங்கோபாங்கமாக விளக்கினேன். "ஒரே வழிதான் தலைவரே. உங்க மொத சீட்ட ஆடித் தேதிக்கு மாத்தணும்."

"என்னாது?" என்றார். "கற்பூரம் காட்டிப் போட்ட சீட்டுய்யா அது! மிஷின வேணும்னா மாத்து. ஊட்டையே வேணும்னா இடிச்சுக் கட்டு. அந்தத் தேதியில மட்டும் கை வெக்காதே."

அந்தக் கணத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! சீட்டு வராது, ஏசி போகும், நான் ஃபேன் திரும்பாத மேஜைக்குப் போவேன், அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் சகலை தோற்கிறாரே! ஒரு மனிதன் தன் வீடு எரியும் வெளிச்சத்தில் பக்கத்து வீட்டுக்காரன் வழி தெரியாமல் நிற்பதைப் பார்த்துக் களிப்பது இப்படித்தான் இருக்கும்.

வாட்ச்மேன் டீ கொண்டுவந்தார். சகலை ஒரு வாய் குடித்தார். "சரிங்க தலைவரே. தேதி அப்படியே இருக்கட்டும்" என்று திரும்பி, "அண்ணா, கடைசிச் சீட்டு எதுன்னு தேதிய வச்சுதானே பாக்கறீங்க? எண்ண வச்சுப் பாத்துக்கலாம். எண்ணு தப்பாது" என்றார். நிரலில் தேதி என்று இருந்த ஒரு வார்த்தையை அழித்துவிட்டு எண் என்று அடித்தார். பொத்தானை அழுத்தினார்.

பிரிண்டர் ஒருமுறை இருமிவிட்டுச் சீட்டைத் துப்பியது.

தலைவர் கைதட்டினார். டீ இன்னும் ஆறவில்லை.

"பாத்தியாப்பா?" என்றார் என்னிடம். "ஊருக்கு வந்த எடத்துல உக்காந்து முடிச்சுட்டாரு. நீ ஒரு வாரமா ஏசியில..." வாக்கியத்தை முடிக்கவில்லை. பெருந்தன்மை. வாட்ச்மேனை அனுப்பி, பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் கோடவுன்காரரை வரவழைத்து, காதில் ஏதோ சொன்னார். கோடவுன்காரர் உள்ளே போய் ஒரு பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்தார். அரக்குக் கரை. தலைவர் அதை விரித்துச் சகலையின் தோளில் போர்த்தினார். பட்டுச் சங்கத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்த என் தோளில் இதுவரை விழுந்தது கோடவுன் தூசி ஒன்றுதான்.

"ஐயோ, இதெல்லாம் எதுக்குங்க. எல்லாம் அண்ணன் எழுதினது. நான் ஒரு வார்த்தைதான் மாத்தினேன்" என்றார் சகலை. நல்ல மனுஷன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல மனுஷன்.

புது சாப்ட்வேர் வேண்டாம் என்று தலைவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். "அதான் ஆளு இருக்காரே. இவரு போன் நம்பர வாங்கி மானிட்டர்ல ஒட்டி வெச்சுக்கோ." ஏசி தப்பியது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் சகலையின் நம்பரை என் கையாலேயே ஒட்டினேன். அதற்கப்புறம் தினமும் அதன் முகத்தில்தான் விழித்தேன்.

திங்கட்கிழமை பாவு போயிற்று. ஜரிகை நாக்கு அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு, "யாரோ மெட்ராஸ் டாக்டரு வந்து ஊசி போட்டாராமே சார்?" என்றார். ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன். "அவர் மாத்தினது ஒரே ஒரு வார்த்தை, தெரியுமா? ஒரே வார்த்தை!"

"அந்த ஒரு வார்த்தையத்தானே நீங்க ஒரு வாரமா தேடிக்கினு இருந்தீங்க?" என்றாள் அவள், புளியைக் கரைத்துக்கொண்டே.

சகலை வீட்டுக்குச் சென்னைக்கு ஒருமுறை போனபோது கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அந்த அங்கவஸ்திரம் கரை தெரிய மடித்துவைக்கப்பட்டிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் என் கொழுந்தியாள் அதன் கதையைச் சொன்னாள். கதையில் நான் ஸ்கூட்டர் ஓட்டிய ஆளாக வருகிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் வாலாஜாபாத் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன பார்த்தேன் என்று தெரியாது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் கோடவுனுக்குப் போய், பட்டு நிறுத்துக்கொண்டிருந்த கோடவுன்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்பது மாதிரி கேட்டேன்: "அன்னிக்குத் தலைவர் ஒரு துண்டு போத்தினாரே, நல்ல உருப்படியோ?"

"அதுவா சார்?" என்றார் அவர். "ஞாயித்துக்கெழம, ஷோரூம் சாவி இல்ல. ஒரு பக்கம் கரை பிசகி, விலைக்குப் போவாம கோடவுன்ல கெடந்ததுல ஒண்ண உருவிக் குடுத்தேன். வெளியூர்க்காரருக்குத் தெரியவா போவுதுன்னு தலைவருதான் சொன்னாரு."

மாதக்கணக்கில் நெஞ்சில் அடைத்திருந்தது சட்டென்று விட்டது. கோடவுனே வாசனையாக இருந்தது. அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் தராசு முள்ளைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"உங்களுக்குன்னா அப்படிக் குடுத்திருக்க மாட்டேன் சார். நம்மாளு. பழுதில்லாததா பாத்து ஒண்ணு எடுத்து வெச்சிருப்பேன். ஆனா அதுக்கு நீங்க எதையாவது சரி பண்ணியிருக்கணுமில்ல?"